குறைந்த விலைப்புள்ளியும் பசுமைக் கொள்முதலும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகங்கள் சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்த பொருட்களையே வாங்க வேண்டும் என்று வலியுறுத்தி உங்கள் நாளிதழில் வெளிவந்த தலையங்கத்தைப் படித்தேன். அதன் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், துறைத் தலைவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் மாற்றம் வந்துவிடும் என்ற நம்பிக்கை அதன் ஊடே தெரிந்தது. ஓர் அரசுத் துறையின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் கோப்பு எழுதியவன் என்ற முறையில், அந்த நம்பிக்கையை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. பசுமைக் கொள்முதல் பற்றிய சுற்றறிக்கைகளை நானே படியெடுத்து எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த வாரமே அவற்றுக்கு நேர்மாறான கொள்முதல் ஆணைகளையும் தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் விதிமீறல் எதுவும் இருந்ததில்லை.

ஒரு நிகழ்வைச் சொன்னால் விளங்கும். எங்கள் துறைக்குச் சில நூறு பிரிண்டர்கள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரினோம். விலைப்புள்ளிகளைத் திறந்தபோது, மிகக் குறைந்த விலை சொன்ன நிறுவனத்தின் இயந்திரத்தில் டோனர் விரைவில் தீர்ந்துவிடும் என்பதும், தீர்ந்த டோனர் பெட்டியில் மீண்டும் தூள் நிரப்ப முடியாதபடி ஒரு சில்லு பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தன. அடுத்த இடத்தில் இருந்த இயந்திரம் விலையில் சற்றுக் கூடுதல். ஆனால் அதன் டோனர் பெட்டி மூன்று மடங்கு பக்கங்களை அச்சிடும், தீர்ந்த பெட்டியை நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும், தாளின் இருபுறமும் தானாகவே அச்சிடும் வசதியும் அதில் உண்டு. என் மேலதிகாரிக்கு இரண்டாவதை வாங்கவே விருப்பம். குறிப்பு எழுதச் சொன்னார், எழுதினேன். படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தவர், "தணிக்கையில் கேட்டால் நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. முதல் நிறுவனத்துக்கே ஆணை போயிற்று. இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் டோனருக்குச் செலவிட்ட தொகை பிரிண்டர்களின் விலையைத் தாண்டியது. காலிப் பெட்டிகள் பண்டகசாலையின் பின்புறம் மழையில் நனைந்து கிடந்தன. அந்தத் தொகையைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பவில்லை; ஏனெனில் அது வேறொரு கணக்குத் தலைப்பில், சிறு சிறு பட்டியல்களாக, ஆண்டு முழுவதும் பரவிக் கிடந்தது.

என் மேலதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். குறைந்த விலைப்புள்ளியை ஏற்காமல் விட்டதற்கு விளக்கம் கேட்கப்பட்ட அலுவலர்கள் பலரை நான் அறிவேன். குறைந்த விலைப்புள்ளியை ஏற்றதற்காக விளக்கம் கேட்கப்பட்ட ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. விலை அடிப்படையில் மட்டும் தேர்வு என்ற விதி ஊழலைத் தடுக்கத்தான் வந்தது, அந்தப் பயனும் ஓரளவு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த விதி 'விலை' என்று எதைக் கருதுகிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது. பொருள் வாசலில் வந்து இறங்கும் நாளில் கொடுக்கும் தொகையை மட்டுமே அது விலை என்று எண்ணுகிறது. அதை இயக்கும் மின்சாரம், பழுதுபார்ப்பு, மாற்ற வேண்டிய பாகங்கள், கடைசியில் கழித்து அப்புறப்படுத்தும் செலவு ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

குளிரூட்டி இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாட்கள் இயங்கினால் 2,000 மணி நேரம் ஆகிறது. ஒரே குளிர்ச்சியைத் தரும் இரண்டு இயந்திரங்களில் ஒன்று மணிக்குச் சராசரியாக 1.2 யூனிட்டும் மற்றொன்று 0.9 யூனிட்டும் மின்சாரம் எடுக்குமானால், ஆண்டுக்கு 600 யூனிட் வேறுபாடு. பத்தாண்டுகளில் 6,000 யூனிட். நூறு இயந்திரங்கள் வாங்கும் துறைக்கு இது ஆறு லட்சம் யூனிட். தொடக்கப் பள்ளிக் கணக்குதான். ஆனாலும் ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிடும் அட்டவணையில் இதற்கென்று ஒரு பத்தி இருப்பதில்லை. காரணம் எளிது. இயந்திரத்தை வாங்குவது கொள்முதல் பிரிவு, மின்கட்டணத்தைச் செலுத்துவது கட்டடப் பராமரிப்புப் பிரிவு. சில துறைகளில் இவ்விரண்டும் வெவ்வேறு அமைச்சகங்களின் நிதி ஒதுக்கீட்டில்கூட வரும். ஒருவர் செய்த சிக்கனத்துக்கு இன்னொருவர் பத்தாண்டுகள் பணம் கட்டுகிறார்.

அதே இயந்திரத்துக்குள் இருக்கும் குளிர்பதன வாயுவையும் பார்க்க வேண்டும். நெடுங்காலம் பரவலாகப் பயன்பட்டுவந்த ஆர்-410ஏ என்ற வாயு கசிந்தால், நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும். ஆர்-32 என்ற வாயுவுக்கு இந்த அளவு 675. புரொப்பேன் வகையான ஆர்-290-க்கு மிகச் சொற்பம், ஆனால் அது தீப்பற்றக்கூடியது என்பதால் பொருத்துபவருக்குத் தனிப் பயிற்சி தேவை. இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன. அந்த உடன்பாட்டை வரவேற்று அறிக்கை விட்ட ஓர் அரசின் அலுவலகம், ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் வாயுவின் பெயரைக் குறிப்பிடாமலேயே இயந்திரம் வாங்கினால், உடன்பாட்டில் இட்ட கையெழுத்து ஒரு கட்டடத்திலும் கொள்முதல் ஆணையில் இட்ட கையெழுத்து இன்னொரு கட்டடத்திலும் இருக்கின்றன என்றே பொருள்.

'சுற்றுச்சூழலைக் கருதிக் கூடுதல் விலை கொடுத்தால் அது சட்டத்தின் முன் நிற்காது' என்று சொல்லி என்னைத் தடுத்தவர்கள் உண்டு. இந்த ஐயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2002-லேயே விடை சொல்லியிருக்கிறது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி மாநகராட்சி, பேருந்து சேவைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, விலைக்கு மதிப்பெண் கொடுத்ததோடு, நைட்ரஜன் ஆக்சைடு புகையும் இரைச்சலும் குறைந்த பேருந்துகளுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் கொடுத்தது. வாய்ப்பை இழந்த கன்கார்டியா என்ற நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அந்தக் கூடுதல் மதிப்பெண்ணைப் பெறத்தக்க பேருந்துகள் மிகச் சில நிறுவனங்களிடமே இருந்தன, அவற்றுள் ஒன்று மாநகராட்சியின் சொந்த நிறுவனம் என்பது அதன் முறையீடு. நீதிமன்றம் மாநகராட்சியின் வழிமுறையை ஏற்றது. ஆனால் நிபந்தனைகளோடு ஏற்றது: அளவுகோல் வாங்கப்படும் பொருளோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், வாங்குபவர் தம் விருப்பப்படி வளைக்க இடம் தரக்கூடாது, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும், எவருக்கும் பாகுபாடு காட்டக்கூடாது. இந்த நான்கையும் படித்தபோது, என் மேலதிகாரி அன்று கேட்ட கேள்விக்கான பதில் இதில் இருக்கிறது என்று தோன்றியது. விலைப்புள்ளிகளைத் திறந்த பிறகு குறிப்பு எழுதி இரண்டாவது நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க முயன்றது எங்கள் தவறு. டோனர் செலவையும் இருபுற அச்சையும் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஆவணத்திலேயே எழுதி, அவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்தை முன்பே அறிவித்திருந்தால், அந்த இரண்டாவது நிறுவனமே குறைந்த விலைப்புள்ளியாக வந்திருக்கும். தணிக்கையாளர் கேட்கவும் ஒன்றும் இருந்திருக்காது.

எழுதும் விதத்திலும் கவனம் தேவை. நெதர்லாந்தின் வடக்கு ஹாலந்து மாகாணம், காபி இயந்திர சேவைக்கான ஒப்பந்தப்புள்ளியில் இரண்டு குறிப்பிட்ட சான்று முத்திரைகளின் பெயரைச் சுட்டி, அவற்றைக் கொண்ட பொருட்களைக் கேட்டது. 2012-ல் அதே நீதிமன்றம் அதைத் தவறு என்றது. முத்திரையின் பெயரை எழுதுவதற்குப் பதிலாக, அந்த முத்திரைக்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்ப அளவுகளை எழுதியிருக்க வேண்டும், வேறு வழியில் அவற்றை மெய்ப்பிப்பவருக்கும் வாய்ப்புத் தந்திருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். பிறகு 2014-ல் வந்த ஐரோப்பிய ஆணை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு முத்திரையைக் கேட்க அனுமதித்தது; நிகரான சான்றுகளையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயத்தை அது கைவிடவில்லை. பொருளின் ஆயுட்காலச் செலவை அடிப்படையாகக் கொண்டு தேர்வு செய்யலாம் என்பதையும் அந்த ஆணையே தெளிவாக எழுதிவைத்தது.

முத்திரைகளைப் பற்றிச் சொல்லும்போது, எனக்கு எரிச்சலூட்டிய ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பச்சை இலைப் படமும் 'இயற்கைக்கு உகந்தது' என்ற சொற்றொடரும் இல்லாத பொருள் இப்போது அரிது. உற்பத்தியாளர் தாமே சொல்லிக்கொள்வதும், தொடர்பில்லாத மூன்றாம் தரப்பினர் சோதித்து வழங்குவதும் ஒன்றாகா. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. இவற்றைத் தனித்தனி வகைகளாகவே பிரித்து வைத்திருக்கிறது. சுய அறிவிப்புக்கு ஐ.எஸ்.ஓ. 14021, மூன்றாம் தரப்பு முத்திரைக்கு ஐ.எஸ்.ஓ. 14024. ஜெர்மனி 1978-ல் தொடங்கிய 'நீல தேவதை' மூன்றாம் தரப்பு முத்திரை வகையைச் சேர்ந்தது, உலகின் முதல் சூழல் முத்திரையும் அதுவே. இந்தியா 1991-ல் மண்பானைச் சின்னத்தோடு 'ஈகோமார்க்' திட்டத்தைக் கொண்டுவந்தது. சின்னம் அழகானது, ஆனால் மிகச் சில உற்பத்தியாளர்களே அதை நாடினார்கள். அரசுத் துறைகளே தங்கள் ஒப்பந்தப்புள்ளிகளில் கேட்காத ஒரு முத்திரைக்காக எந்த உற்பத்தியாளர் கட்டணம் கட்டிச் சோதனைக்கு நிற்பார்? 2024-ல் அந்தத் திட்டத்துக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. கேட்பவர் இருந்தால்தான் அவற்றுக்கும் உயிர் வரும்.

'மக்கும்' என்று அச்சிட்ட தட்டுகளும் உறைகளும் இதே வகைச் சிக்கல்தான். அத்தகைய பொருட்களுக்கான ஐரோப்பியத் தரத்தின் சோதனை ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பத்தில், தொழிற்சாலை அளவிலான உரக்கிடங்கின் சூழலில் நடத்தப்படுகிறது. அப்படிப்பட்ட கிடங்குக்கு அலுவலகக் குப்பை போய்ச் சேராவிட்டால், அந்தத் தட்டு மற்ற பிளாஸ்டிக்கோடு சேர்ந்து குப்பைமேட்டில்தான் கிடக்கும். கூட்டங்களுக்குக் கழுவிப் பயன்படுத்தும் தட்டையும் குவளையையும் ஒருமுறை வாங்கி வைத்திருந்தால் இந்த ஆராய்ச்சிக்கே தேவை இருக்காது. ஆனால் கழுவுவதற்கு ஆள் வேண்டும், அதற்கு வேறொரு கோப்பு வேண்டும்.

அரசு வாங்கினால் சந்தை மாறுமா என்று கேட்பவர்களுக்குச் சில முன்னுதாரணங்கள் உண்டு. அமெரிக்காவில் 1993-ல் அதிபர் பிறப்பித்த ஓர் ஆணை, கூட்டாட்சி அலுவலகங்கள் வாங்கும் எழுதும் தாளிலும் அச்சுத் தாளிலும் பயன்படுத்திக் கழித்த தாளிலிருந்து கிடைத்த கூழ் 1994 இறுதிக்குள் 20 விழுக்காடும் 1998 இறுதிக்குள் 30 விழுக்காடும் இருக்க வேண்டும் என்றது. அளவும் நாளும் சேர்த்து எழுதப்பட்டதால் உற்பத்தியாளர்கள் அதற்கேற்பத் திட்டமிட முடிந்தது. 2001-ல் வந்த இன்னோர் ஆணை, காத்திருப்பு நிலையில் ஒரு வாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்காத சாதனங்களையே கூடுமானவரை வாங்கச் சொன்னது. ஒரு வாட் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஓராண்டின் 8,760 மணி நேரத்தில் அலுவலகம் இயங்குவது சுமார் 2,000 மணி நேரம். எஞ்சிய 6,760 மணி நேரமும் பத்து வாட் எடுத்துக்கொண்டு உறங்கும் ஒரு பிரிண்டர், யாருக்கும் பயனின்றி 67 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கிறது. ஒரு வாட் பிரிண்டருக்கு ஏழு யூனிட்கூட ஆகாது.

இந்தியாவில் எல்.இ.டி. விளக்குகளைப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது நடந்ததையும் இங்கே சேர்க்கலாம். 2014-ன் தொடக்கத்தில் விளக்கு ஒன்றுக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. உலகச் சந்தையிலேயே எல்.இ.டி. விலை இறங்கிக்கொண்டிருந்த காலம் அது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் கோடிக்கணக்கில் ஒரே இடத்திலிருந்து ஆணை வரும் என்ற உறுதி இல்லாமல் அவ்வளவு வேகம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஜப்பான் 2000-ல் பசுமைக் கொள்முதலுக்கென்றே சட்டம் இயற்றியது. அரசு அமைப்புகள் ஆண்டுதோறும் கொள்முதல் கொள்கையை வெளியிட வேண்டும், ஆண்டு முடிவில் எவ்வளவு வாங்கினோம் என்பதையும் வெளியிட வேண்டும். தென்கொரியாவிலும் 2005 முதல் இதையொத்த சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது நெதர்லாந்து நெடுஞ்சாலை, நீர்வழித் துறையின் முறை. பாலத்துக்கோ சாலைக்கோ ஒப்பந்தப்புள்ளி தருபவர், தாம் பயன்படுத்தப்போகும் பொருட்களால் அவற்றின் ஆயுள் முழுவதும் விளையும் சூழல் பாதிப்பை ஒரு மென்பொருளில் கணக்கிட்டு யூரோவில் காட்ட வேண்டும். ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிடும்போது இந்தத் தொகையும் கணக்கில் சேர்கிறது. பாதிப்பைக் குறைத்துக் காட்டியவரின் விலை ஒப்பீட்டுக்காக மட்டும் குறைந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஒப்பந்தம் கிடைத்தபின் அவருக்கு அவர் சொன்ன உண்மையான விலையே கொடுக்கப்படுகிறது. 'குறைந்த தொகைக்கே ஒப்பந்தம்' என்ற பழைய விதியைக் கைவிடாமலே, தொகை என்ற சொல்லின் பொருளை மட்டும் அவர்கள் விரித்திருக்கிறார்கள். தணிக்கைக்கு அஞ்சும் அலுவலருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இருக்க முடியாது, ஏனென்றால் அவர் எந்த முடிவையும் தாமாக எடுப்பதில்லை, அட்டவணை எடுக்கிறது.

இதற்கு எதிராக நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. சிறு உற்பத்தியாளர்களால் சோதனைக் கட்டணமும் சான்றிதழ்க் கட்டணமும் கட்ட முடியாது. நிபந்தனைகள் கூடக்கூடப் பெரிய நிறுவனங்களே எஞ்சும். இது உண்மை. நான் பணியில் இருந்தபோது, தரமான மேசை நாற்காலி செய்துவந்த ஒரு சிறு பட்டறை, மரத்தின் மூலத்துக்குச் சான்று கேட்ட ஒரே காரணத்தால் ஒதுங்கிக்கொண்டதைப் பார்த்தேன். ஆகவே நிபந்தனைகளைத் திடீரென்று புகுத்தாமல், வரும் ஆண்டில் இன்ன அளவைக் கேட்கப்போகிறோம் என்று குறைந்தது ஓராண்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். விலை உயர்ந்த முத்திரைக்கு மாற்றாக அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் சோதனை அறிக்கையை ஏற்க வேண்டும். முதலில் ஆற்றலையும் நச்சுப்பொருளையும் பெருமளவு தீர்மானிக்கும் நான்கைந்து பொருட்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குண்டூசிக்கும் கோப்பு நாடாவுக்கும் சூழல் சான்று கேட்டு, குளிரூட்டியையும் வாகனத்தையும் பழையபடியே வாங்கும் திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்காமல் விடுவதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. நிதியாண்டின் கடைசி வாரங்களில் எங்கள் பிரிவில் விளக்கு அணைந்ததில்லை. ஒதுக்கீட்டுத் தொகையைத் திருப்பி ஒப்படைத்தால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், தேவை இருக்கிறதா என்று பார்க்காமலே ஆணைகள் புறப்படும். அப்படி வாங்கிய நாற்காலிகள் உறை பிரிக்கப்படாமல் மூன்று ஆண்டுகள் பண்டகசாலையில் இருந்தன. அதே நேரத்தில் ஒரு கிளை அலுவலகத்திலிருந்து நாற்காலி கேட்டுக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. இருப்புப் பதிவேடு தலைமையிடத்தில், கோரிக்கைக் கோப்பு வேறோர் அலமாரியில். உபரிப் பொருட்களின் பட்டியலை எல்லாக் கிளைகளும் பார்க்கும்படி வைத்து, அதில் இல்லை என்ற சான்று இல்லாமல் புதிய கொள்முதல் கோப்பைத் தொடங்கக்கூடாது என்று ஒரு வரி விதி இருந்தால் போதும். எந்த முத்திரை பெற்ற நாற்காலியும், செய்யப்படாத நாற்காலிக்கு ஈடாகாது.

கழித்துக் கட்டுவதிலும் இதே அசட்டை. பழைய கணினிகளையும் குழல் விளக்குகளையும் எடைக்கு ஏலம் விடுவது எங்கள் வழக்கமாக இருந்தது. ஏலம் எடுத்தவர் செம்பை உரித்துக்கொண்டு மீதியை என்ன செய்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. குழல் விளக்குக்குள் இருப்பது பாதரசம் என்பதைப் பள்ளிக்கூடப் பையனும் அறிவான். விற்பவரே ஆயுள் முடிந்த பொருளைத் திரும்பப் பெற வேண்டும் என்ற நிபந்தனையை வாங்கும்போதே எழுதிவிட்டால் ஏலத்துக்கே வேலை இல்லை. வாங்கிப் பத்தாண்டுகள் கழித்து அதை எழுத முடியாது.

ஆகவே என் கோரிக்கை துறைத் தலைவர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. அவர்கள் சுற்றறிக்கையை நிறுத்திவிட்டு, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் மாதிரியை மாற்றட்டும். நிதித்துறை ஆயுட்காலச் செலவுச் சூத்திரத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் தரட்டும். தணிக்கைத் துறை தன் வினாப்பட்டியலில் 'இந்தப் பொருளின் இயக்கச் செலவு கணக்கிடப்பட்டதா?' என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும். அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால், அச்சம் இப்போது தள்ளும் திசைக்கு எதிர்த்திசையில் அலுவலரைத் தள்ளத் தொடங்கும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அரசுத் துறைகளின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளை நீங்கள் பக்கம் பக்கமாக வெளியிடுகிறீர்கள். அவற்றில் ஏதேனும் ஒன்றை, குளிரூட்டி அல்லது வாகனக் கொள்முதலாகப் பார்த்து, முழு ஆவணத்தையும் பெற்று, ஒப்பந்தப்புள்ளிகளை மதிப்பிடும் முறை என்ற பகுதியை மட்டும் படிக்குமாறு உங்கள் செய்தியாளர் ஒருவரைப் பணியுங்கள். பெரும்பாலும் அது ஒரே வரியாக இருக்கும். அந்த வரியை அப்படியே அச்சிட்டு, அதே துறை கடைசியாக வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிக்கையின் ஒரு பத்தியை அதன் அருகில் போடுங்கள். மேற்கொண்டு தலையங்கம் எழுதவேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர் ஒருவர்